கூட்டல் குறி சிலுவை ஆகுமா?

தமிழகத்து அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் பழைய பானை ஓடுகளில் கூட்டல் குறி போன்ற கீறல் அடிக்கடி தென்படும். பானையைச் சுட்டு முடித்த பிறகு கூரான முனையால் இழுத்த இரண்டே கோடுகள். கோட்டின் ஓரத்தில் மேற்பூச்சு பொடிந்து உதிர்ந்திருக்கும். பானைக்குச் சொந்தக்காரர் போட்ட அடையாளமாக அது இருக்கலாம். பழைய தமிழ் எழுத்தான தமிழியைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ‘க’ என்ற எழுத்து. சிலுவையைத் தேடி வருபவருக்கு மட்டும் அது சிலுவை. ஆனால் கிறிஸ்தவர்களே சிலுவையைப் பொது அடையாளமாகப் பரவலாகக் கொண்டது 4ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தை ஒட்டித்தான். ஆகவே 1ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கில் சிலுவை கிடைத்தது என்று யாராவது சொன்னால், நம்பிக்கை கூட வேண்டிய இடமல்ல அது. ஐயம் கூட வேண்டிய இடம்.

கடலூர்க் கடற்கரை இந்த வகைக் கதைகளுக்கு வாகான இடம். நகருக்குத் தெற்கே காரைக்காட்டில் ரௌலட்டட் எனப்படும் வட்டவரிப் பானை ஓடுகள் கிடைத்தன. வடக்கே சற்றுத் தூரத்தில் அரிக்கமேடு. மது, ஆலிவ் எண்ணெய், மீன் ஊறல் நிரப்பி வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் அங்கே உண்டு. ரோமக் கப்பல் வந்தது, ஆகவே இயேசுவின் சீடர் தோமாவும் வந்தார் என்று அடுத்த வரியிலேயே முடித்துவிடுகிறார்கள். வழி இருந்தது என்பதற்குச் சாடி சான்றுதான். அந்த வழியில் இன்னார் வந்தார் என்பதற்கு அது சான்றாகாது. சாடிக்கே இந்த நிலை என்றால் வட்டவரி ஓட்டின் கதை இன்னும் சுவையானது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் அதை மத்தியதரைக் கடல் சரக்கு என்றே கருதினார். பிற்பாடு தொல்லியலாளர் விமலா பெக்லி அந்த முடிவைக் கேள்விக்கு உள்ளாக்கினார். களிமண்ணின் கனிமச் சேர்க்கையை எக்ஸ் கதிரால் சோதித்த கோக்டேயின் ஆய்வு, அது வங்காளத்துக் கங்கைக் கழிமுக மண்ணோடு ஒத்துப்போவதாகக் காட்டியது. ரோமானியப் பானை என்று நம்பப்பட்டது இந்தியப் பானையாயிற்று. தோமாவுடையது எனப்படும் சென்னைச் சாந்தோம் கல்லறையின் செங்கல் அரிக்கமேட்டுச் செங்கலை ஒத்திருக்கிறது, ஆகவே அது 1ஆம் நூற்றாண்டுக் கல்லறை என்ற வாதத்தையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். பழஞ்செங்கலைப் பெயர்த்துப் புதுச்சுவர் கட்டுவது நம் ஊரில் இன்றும் நடப்பது. அளவு பொருந்தினாலும், உள்ளே கிடந்தவர் யாரென்று செங்கல் சொல்லாது.

பொருளில் நேரும் இந்தப் பிழை சொல்லிலும் நேரும். தில்லையில் பௌத்தரை வாதில் வென்றவராகப் போற்றப்படும் மாணிக்கவாசகர் கொல்லத்துக்குப் போய்க் கிறிஸ்தவர் சிலருக்குத் திருநீறு பூசினார், அவர்களின் வழிவந்தோரே மணிக்கிராமத்தார் என்று கேரளத்தில் ஒரு மரபுக்கதை உண்டு. சிதம்பரத்துச் சைவருக்கும் கேட்க இனிக்கும் கதை. ஆனால் மணிக்கிராமம் என்பது வணிகர் குழுவின் பெயர். தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் அது வருகிறது. அங்கே யார் போய்த் திருநீறு பூசினார்கள்? கதை எந்த மதத்துக்குச் சாதகமானாலும், ஒலி ஒற்றுமை சான்றாகாது.

தடயம் இல்லை என்பதாலேயே ஆள் வரவில்லை என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தொடக்கக் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடினார்கள். ரோம் நகரிலேயே அவர்களுக்கே உரிய கலைத் தடயங்கள் ஏறத்தாழ 200ஆம் ஆண்டையொட்டித்தான் தெரியத் தொடங்குகின்றன. தோமா வரவே இல்லை என்று எந்த அகழாய்வும் நிறுவிவிடாது. ஆனால் இந்த வாதம் வெட்டும் திசையைப் பாருங்கள்: ரோமிலேயே கிடைக்காத பழமை கடலூர்க் கரையில் கிடைத்தது என்பவர்தான் கூடுதல் சான்று காட்டக் கடமைப்பட்டவர். ஐயப்படுவது நம்பிக்கையை அவமதிப்பது என்பது இன்னொரு மறுப்பு. அவசர நம்பிக்கையால் அடிபட்டது திருச்சபையேதான். திருவள்ளுவர் தோமாவின் சீடர் என்று காட்டும் ஓலைகள் கிடைக்கும் என நம்பி, 1970களில் சென்னைப் பேராயர் ஒருவர் லட்சக்கணக்கில் பணம் இழந்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

உறுதியான சான்று இல்லாமலும் இல்லை. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேடு, தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகளைப் பதிந்திருக்கிறது. பஹ்லவி, அரபு, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் கையொப்பங்கள் அதில் உண்டு. சென்னைப் பரங்கிமலைச் சிலுவையின் பஹ்லவி எழுத்தையும் அறிஞர்கள் தோமாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியதாகவே கணிக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இந்தப் பழமை எந்தச் சமூகத்துக்கும் குறைவானதல்ல. அடுத்த முறை ‘முதல் நூற்றாண்டுச் சிலுவை’ என்று கைப்பேசிக்கு ஒரு படம் வந்தால், எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்று அனுப்பியவரைக் கேளுங்கள். பதில் வரும்வரை அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.