உங்களுக்குத் தெரியுமா? மீசைக்குள் சங்கீதம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில், 1649-இல் தலை வெட்டப்பட்ட மன்னர் முதலாம் சார்லஸின் சிறிய உருவப்படம் ஒன்று உண்டு. பார்த்தால் சாதாரணக் கோட்டோவியம். கிட்டப் போனால் முடியும் முகமும் பொடி எழுத்துகள். எழுதியிருப்பது பைபிளின் சங்கீதங்கள். அவற்றில் பல தாவீது மன்னர் இயற்றியவை என்பது மரபு. ஆக, ஒரு மன்னரின் பாட்டில் இன்னொரு மன்னரின் முகம்!

வித்தை இவ்வளவுதான்: எழுத்தை நெருக்கினால் நிழல், இடம்விட்டு எழுதினால் வெளிச்சம். பாடலாசிரியரின் முகத்தை அவர் வரிகளாலேயே வரையும் இன்றைய ஓவியர்களுக்கும் இதே கணக்குதான்.

எழுத்தாளர் ஜோசப் அடிசன் 1711-இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் இந்தப் படத்தைக் கிண்டலடித்தார். ஒரு பக்க மீசையைப் படித்துவிட்டு மறுபக்கத்தைப் படிக்கத் தொடங்கினாராம். கூட வந்தவர்கள் அவசரப்படுத்தியதால் முடிக்க முடியவில்லையாம். அதே கட்டுரையில் இன்னொரு ஆசாமி: பழைய ஏற்பாடு முழுவதையும் ஒரு பொய்முடிப் படத்துக்குள் எழுதியவர். மன்னர் வில்லியமுக்காகத் தொடங்கிய வேலை. முன்முடியின் இரு பிரிவுகளில் ‘இராஜாக்கள்’ நூல்கள் இரண்டும் அடக்கம். முடிப்பதற்குள் மன்னர் இறந்துவிட, முகத்துக்கான இடம் காலி. வாங்குகிறவர் தம் முகத்தையே வரைந்துகொள்ளலாமாம்!