விதைநெல்லைப் போல விதைமீன்: அலாஸ்காவின் கீனாய் ஆறு தரும் பாடம்

கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கும் ரின் மீனை நாம் 'சமன் ரின்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த ரின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் கும்பளாவைப் போன்ற வேறொரு கடல்மீன். பெயர் மட்டுமே சல்மனுடையது. உண்மையான சல்மன் எமது கடலில் இல்லை. அது வடக்கே உள்ள குளிர்நாடுகளின் மீன். ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருவது அதன் இயல்பு.

பசுபிக் சமுத்திரத்துச் சல்மன் இனங்களுள் மிகப் பெரியது இராச சல்மன். ஐக்கிய அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில் ஓடும் கீனாய் ஆறு இந்த மீனுக்குப் பேர்போனது. வெளியூர்களிலிருந்து தூண்டில் போட வருவோரைப் படகில் ஏற்றிச் சென்று மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டிகள் பலர் அந்த ஆற்றை நம்பி வாழ்ந்தனர். 2023, 2024ஆம் ஆண்டுகளில் அந்த ஆறு இராச சல்மன் பிடிப்பதற்கு முற்றாக மூடப்பட்டது. ஏன் மூடினார்கள், அதன் சுமையை யார் தாங்கினார்கள் என்பதை, விதைநெல்லின் அருமை அறிந்த விவசாயக் குடும்பங்களால் எளிதில் விளங்கிக்கொள்ள முடியும்.

ஆறும் மீனும்

கீனாய் ஆறு மலைகளுக்கு இடையே உள்ள ஏரியொன்றில் தொடங்கி, 82 மைல் ஓடி, குக் நுழைகடலில் கலக்கிறது. மலைகளிலுள்ள பனியாறுகள் மாவாக அரைத்த பாறையை உருகிவரும் நீர் கொண்டுவருவதால் ஆற்றின் நிறம் நீலப்பச்சையாக இருக்கும். கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்துவரும் டெனைனா என்னும் பழங்குடி மக்கள் தமது மொழியில் இந்த ஆற்றைக் கஹ்த்னு என்று அழைக்கின்றனர்.

பெண் மீன் ஆற்றின் அடியிலுள்ள கூழாங்கற்களை வாலால் அடித்துக் குழி பறித்து, அதில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆண் மீன் அவற்றைக் கருக்கட்டச் செய்யும். பின்னர் பெண் மீன் கற்களால் முட்டைகளை மூடிவிடும். அத்துடன் இரண்டின் வாழ்வும் முடிந்துவிடுகிறது. மழைக்காலம் முழுவதும் மண்ணுக்குள் விதை கிடப்பதுபோல, பனிக்காலம் முழுவதும் முட்டைகள் கற்களுக்குள் கிடந்து, அடுத்த வசந்தத்தில் குஞ்சுகளாகின்றன. குஞ்சுகள் பொதுவாக ஓராண்டு ஆற்றில் தங்கிக் கடலுக்குச் செல்லும். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை கடலில் வளர்ந்தபின், பிறந்த நீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அதே ஆற்றுக்குத் திரும்பும்.

இதில் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஆற்றுக்குள் நுழைந்தபின் இராச சல்மன் இரை தேடி உண்பதில்லை. கடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே மேலே ஏறுகிறது. அது வருவது விதைப்பதற்காகவே. எனவே ஆற்றில் பிடிபடும் ஒவ்வொரு இராச சல்மனும் விதைநெல் மூடையிலிருந்து அள்ளிய ஒரு பிடி நெல் போன்றது.

வழிகாட்டியின் தொழில்

கீனாயில் இராச சல்மன் இரண்டு கூட்டமாக வரும். மே, யூன் மாதங்களில் வருவது முதற் கூட்டம். யூலையில் வருவது இரண்டாம் கூட்டம். ஒரு வழிகாட்டியின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களிலேயே கிடைத்தது.

ஆனால் படகு வைத்திருப்பவர் எல்லோரும் வழிகாட்டியாகிவிட முடியாது. படகோட்டும் அனுமதிப்பத்திரம், மாநில அரசிடம் பதிவு, காப்புறுதி, முதலுதவிப் பயிற்சி என்பன வேண்டும். ஆற்றின் இயல்பு, சட்டம், பாதுகாப்பு பற்றி உள்ளூர்க் கல்லூரியில் நடைபெறும் வகுப்புக்கும் புதியவர்கள் செல்லவேண்டும். படகின் இயந்திரம் 50 குதிரைவலுவுக்கு மேற்படக்கூடாது. இராச சல்மன் பிடித்த காலத்தில் காலை 6 மணிக்கு முன்னரும் மாலை 6 மணிக்குப் பின்னரும் வழிகாட்டிகள் தொழில் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமைகளில் இயந்திரம் பூட்டிய படகிலிருந்து எவரும் தூண்டில் போடக்கூடாது. படகில் வாடிக்கையாளர் இருக்கும்போது வழிகாட்டி தானே தூண்டில் பிடிக்கவும் கூடாது. அவருடைய வேலை காட்டிக்கொடுப்பது மட்டுமே.

மீன்பிடிக்கும் முறையும் எளிதானதல்ல. வழிகாட்டி படகின் முன்பக்கத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, நீரோட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் இயந்திரத்தை ஓடவிடுவார். அப்போது படகு முன்னே போகாமல், மெதுமெதுவாகப் பின்பக்கமாகக் கீழே நழுவும். பின்னால் விட்ட தூண்டில்களில் உள்ள போலி இரைகள் ஆற்றின் அடியை அண்டி ஆடியாடிச் செல்லும். சிலர் போலி இரையில் சூடைமீன் துண்டைக் கட்டுவர். சிலர் சல்மன் சினையைக் கொளுவுவர். மேலே ஏறிவரும் மீனின் மூக்குக்கு நேரே இரை மெதுவாக வந்து சேரும். பசி இல்லாவிட்டாலும் மீன் கவ்வும். எரிச்சலினால் கவ்வுகிறது என்பது தொழில் செய்வோர் பலரின் கருத்து.

மீன் எங்கே தங்கும் என்பதை அறிவதே வழிகாட்டியின் கல்வி. ஆழமான ஓடையின் விளிம்பு, தீவுத்திட்டின் பின்புறம், கடல் நீர் பெருகும்போது புதுமீன் வந்து நுழையும் கீழ்ப்பகுதி ஆகியவற்றை அவர் மனத்திலே வரைந்து வைத்திருப்பார். மீன் பிடிபட்டதும் மற்றத் தூண்டில்களைச் சுற்றி எடுக்கச் சொல்லி, மீன் ஓடும் பக்கமெல்லாம் படகைத் திருப்பிச் செல்வார். 1985ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி லெஸ் அண்டர்சன் என்பவர் இந்த ஆற்றில் தூண்டிலில் பிடித்த இராச சல்மனின் நிறை 97 இறாத்தல் 4 அவுன்ஸ். அதாவது ஏறத்தாழ 44 கிலோ. ஒரு மூடை சீமெந்துக்குச் சற்றே குறைவு! தூண்டிலில் பிடிபட்ட இராச சல்மனுக்கு உலக சாதனையாக அது பதிவாகியது. அதன்பின் கீனாயின் பெயர் மேலும் பரவியது.

எண்ணிப் பார்த்துப் பிடித்தல்

களஞ்சியத்தில் எத்தனை மூடை இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு சமைக்கலாம் என்று தீர்மானிக்க முடியாது. கலங்கிய ஆற்றில் மீனை எண்ணுவது எப்படி? 1980களிலிருந்து கீனாயில் நீருக்கடியில் ஒலியலை அனுப்பி எண்ணும் கருவிகளைப் பயன்படுத்தி வருகின்றனர். வேறு சல்மன்களையும் இராச சல்மன் என எண்ணிவிடும் சிக்கல் தொடக்கத்தில் இருந்தது. பின்னர் வந்த கருவிகள் மீனின் நீளத்தையும் அளந்து காட்டின.

எத்தனை மீன் முட்டையிடும் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற இலக்கை மீன்பிடித் திணைக்களம் வகுக்கிறது. மீதியே பிடிப்பதற்கு உரியது. ஆறு திறந்திருந்த காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மீன், பருவத்துக்கு இரண்டு மீன் என்பதே விதியாக இருந்தது. பிடித்த மீனை அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரத்தில் பதிய வேண்டியிருந்தது. வரவு குறைந்தால் முதலில் சினையும் மீன்துண்டும் இரையாக வைப்பதைத் தடுப்பார்கள். அடுத்து, பிடித்த மீனை உயிருடன் விடச் சொல்வார்கள். அதற்கும் போதாவிட்டால் ஆற்றை மூடுவார்கள்.

பெரிய மீனை விட்டுவிட வேண்டும் என்ற விதியும் பல ஆண்டுகள் இருந்தது. பெரிய பெண் மீனில் சினை அதிகம். நெற்கதிரில் திரண்ட மணியை விதைக்கு ஒதுக்குவது போன்ற நியாயமே இதுவும். விடவேண்டிய மீனை நல்ல வழிகாட்டி படகுக்குள் தூக்கமாட்டார். நீருக்குள் வைத்தபடியே தூண்டிலைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தன் பலத்தில் நீந்தும்வரை காத்திருப்பார்.

விதிகள் இருந்தும் குறைந்தது ஏன்?

இத்தனை ஒழுங்குகள் இருந்தும் மீன் குறைந்தது. 2012ஆம் ஆண்டு யூலையில் பருவத்தின் நடுவிலேயே ஆறு மூடப்பட்டது. அதன்பின்னரும் வரவு போதிய அளவு தேறவில்லை. திரும்பி வரும் மீன்கள் முன்பைவிட இளமையிலும் சிறிதாகவும் வருகின்றன. அலாஸ்காவின் வேறு பல ஆறுகளிலும் இதே நிலைதான். கடல் வெப்பமடைதல், அங்கே இரை மாறுதல், கடலிலேயே பிடிபடுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. ஆற்றைவிடக் கடலிலேயே மீன் பிழைப்பது கடினமாகிவிட்டது என்பதை விஞ்ஞானிகள் பலர் சுட்டிக்காட்டுகின்றனர். ஆகவே, ஆற்றங்கரை மக்கள் கட்டுப்பாட்டுடன் நடந்தாலும் அவர்கள் கைக்கு எட்டாத காரணங்களும் இருக்கின்றன. உழவன் எவ்வளவு பாடுபட்டாலும் மழை அவன் கையில் இல்லாதது போன்றதே இது.

சுமை யாருக்கு?

ஆற்றை மூடியதால் வழிகாட்டிகள் மட்டும் பாதிக்கப்படவில்லை. ஆற்றுமுகத்தை அடுத்த கடற்கரையில் செவுள்வலை கட்டித் தொழில் செய்யும் குடும்பங்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே கரையில் வலை கட்டியவர்கள் அவர்கள். அவர்கள் தேடுவது சிவப்புச் சல்மன் என்னும் வேறு இனம். அது இலட்சக்கணக்கில் வருகிறது. ஆனால் அதே நாட்களில் இராச சல்மனும் வந்து அந்த வலையில் சிக்கும். ஆகவே 2023இலும் 2024இலும் அவர்களின் வலைகளும் கரையிலே கிடந்தன. கண்முன்னே மீன் கூட்டங் கூட்டமாகப் போக, கைகட்டி நின்றார்கள். சிக்கிய இராச சல்மனை உயிருடன் விடலாம் என்பதால், 2024இல் அத்தாங்கு கொண்டு சிவப்புச் சல்மனை அள்ள அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. வலைத் தொழிலுக்கு அது ஈடாகாது.

வழிகாட்டிகள் வலைகளைக் குறை கூறினர். வலைக் குடும்பங்கள் தூண்டில்காரரைக் குறை கூறின. இழப்பு வரும்போது அயலவரையே எதிரியாகக் காண்பது எங்கும் நடப்பதுதான். சில வழிகாட்டிகள் சிவப்புச் சல்மன், வானவில் மீன் போன்ற வேறு மீன்களுக்கு மாறித் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டனர். கரையில் வலை கட்டும் குடும்பத்துக்கு அப்படி மாறுவதற்கு வழி குறைவு.

2012 செப்டெம்பரில் அமெரிக்க மத்திய அரசு இதை மீன்பிடி அனர்த்தம் என அறிவித்தது. ஆனால் நிவாரணப் பணம் 2014இல்தான் ஒதுக்கப்பட்டது. நிவாரணத்துக்குக் காத்திருந்து பழகிய எமது வாசகர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளின் நீளத்தை விளக்கத் தேவையில்லை.

கரையைக் காத்தல்

எல்லோரும் ஒன்றுபட்டுச் செய்த காரியமும் ஒன்றுண்டு. சல்மன் குஞ்சுகள் கரையோரப் புல்லின் நிழலிலும் வேர்களின் இடுக்கிலும் ஒளித்து வளர்கின்றன. ஆயிரக்கணக்கானோர் கரையில் நின்று தூண்டில் போட்டதால் புல் மிதிபட்டு அழிந்து, கரை இடிந்தது. 1996இல் ஆற்றங்கரையிலிருந்து 50 அடி நிலத்தைப் பாதுகாக்க உள்ளூராட்சி மன்றம் சட்டம் இயற்றியது. புல்லுக்கு வெளிச்சம் விழும்படி துளைகளுள்ள நடைபாதைகளை உயர்த்தி அமைத்தார்கள். இடிந்த கரைகளில் மரங்களைக் கிளையுடன் கிடத்திக் கட்டி, மண்ணைத் தடுத்தார்கள். குளக்கட்டையும் வாய்க்கால் கரையையும் பேணத் தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

ஏழு ஆண்டு ஓய்வு

இராச சல்மன் குறைந்த இன்னொரு பெரிய ஆறு யூக்கொன். அது கனடாவில் தொடங்கி அலாஸ்காவைக் கடந்து கடலில் விழுகிறது. அங்கே மீன் என்பது சுற்றுலாத் தொழில் அல்ல. ஆற்றோரப் பழங்குடிக் கிராமங்கள் கோடையில் பிடித்துப் புகையில் உலர்த்தி, பனிக்காலம் முழுவதும் உண்ணும் உணவு அது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி அலாஸ்காவும் கனடாவும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. கனடாவுக்கு உரிய இராச சல்மனை ஏழு ஆண்டுகளுக்குப் பிடிப்பதில்லை என்பதே அது. 71,000 மீன்கள் எல்லையைக் கடந்து செல்லவேண்டும் என்பது இலக்கு. ஏழு ஆண்டு என்பது இந்த மீனின் ஒரு தலைமுறைக் காலம். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் பழைய வேதக் கட்டளை எமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆனால் அந்தக் கட்டளையிலும் ஏழைகளின் உணவு மறக்கப்படவில்லை. ஏழு ஆண்டு மீன் பிடிக்காத ஊரில், மீனை வெட்டவும் உலர்த்தவும் பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள் என்று அங்குள்ள முதியவர்கள் கவலைப்படுகிறார்கள். அது நியாயமான கவலை.

எம்மில் பலர் ஊரைவிட்டு வந்தபோது விதைநெல்லைக் கைவிட்டு வந்தோம். வேறு சிலர் கொண்டுவந்த விதையைப் பசிக்குக் குற்றிச் சமைத்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விதையைக் காக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விளைச்சல் வரும்வரை உண்பதற்கு என்ன வழி என்பதே கேள்வி. கீனாயும் யூக்கொனும் காட்டும் பாடம் இதுதான்: விதையைத் தொடாதே என்று சொல்பவர், அதுவரை சோற்றுக்கும் வழி செய்யவேண்டும். அந்தச் சுமையை ஒரு கரையின் தலையில் மட்டும் ஏற்றாமல் எல்லோரும் பகிரவேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குடும்பத்தில் அல்லது கிராமத்தில் 'விதை' என்று சொல்லித் தொடாமல் வைக்கவேண்டியவை எவை?

2. அவற்றைக் காக்கும் காலத்தில் யார் அதிகம் இழக்கிறார்கள்? அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

3. இழப்பு வந்தபோது அயலவரைக் குறை கூறிய அனுபவம் எமக்கு உண்டா? ஒன்றுகூடிச் செய்யக்கூடிய காரியம் ஒன்றை இந்த மாதமே தொடங்க முடியுமா?