கோ-கார்ட்டின் பின் அச்சு

புனே ஹிஞ்சவாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மாலில் இருக்கும் உள்ளரங்குத் தடத்தில் கோ-கார்ட்டைப் பிரமாதமாக ஓட்டும் என் மகன், கொல்ஹாப்பூரின் திறந்தவெளி மோஹிதே தடத்துக்குப் போனால் திணறுகிறானே, ஏன்?”

பையன் மீது தப்பில்லை. தடம் வேறு, அவ்வளவுதான். அது புரிய, வண்டியின் பின் அச்சைப் பார்க்க வேண்டும்.

காரில் டிஃபரன்ஷியல் உண்டு. வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்றிக்கொள்ளும். கார்ட்டில் அது கிடையாது. ஒரே இரும்பு அச்சு, இரண்டு பக்கமும் இறுகப் பூட்டிய சக்கரங்கள். பனங்காட்டுப் பக்கம் வளர்ந்த நாங்கள் ஓட்டிய நுங்கு வண்டியும் இப்படித்தான். குச்சியில் இறுகச் செருகிய இரண்டு நுங்குக் கூந்தல்களும் சேர்ந்தே சுற்றும்; திருப்பினால் ஒன்று மண்ணைத் தேய்த்துக்கொண்டு இழுக்கும்.

கார்ட் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது. வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது! ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்தும், ஸ்பிரிங் இல்லாத குழாய்ச் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அந்தப் பக்கத்துப் பின்சக்கரம் மேலெழும். ஒரு நொடிக்கு மூன்று சக்கர வண்டி. தூக்காவிட்டால் டயர் தேய்ந்து, எஞ்சின் முக்கும்.

உள்ளரங்கின் வழவழப்பான தரையில் பிடிமானம் குறைவு. வண்டியைச் சறுக்கவிட்டே திருப்பப் பழகிவிடுகிறார்கள். வெளியே தார்த்தளம், ஓட ஓட டயர் ரப்பர் அதில் படிந்து பிடிப்பு இன்னும் ஏறும். அங்கேயும் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் சக்கரம் அளவுக்கு மீறித் தூக்கி, வண்டி குதிக்கும். மகனிடம் சொல்லுங்கள்: கையை மென்மையாக்கு.

இருங்காட்டுக்கோட்டையில் கார்களின் 3.7 கிலோமீட்டர் தடத்தோடு கார்ட்டுக்கென்றே தனித்தடமும் வந்துவிட்டது. கார்ட் பந்தயம் பெரும்பாலும் நடப்பது இத்தகைய குறுந்தடங்களில்தான். அமெரிக்காவின் நீள்வட்ட மண் தடங்கள் வேறு ரகம்: இடப்பக்கம் மட்டுமே திரும்புவதால் சட்டத்தையே கோணலாகச் செய்து, எடையை இடப்பக்கம் தள்ளி வைப்பார்கள். 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் புல்வெட்டி எஞ்சினைப் பூட்டி முதல் கார்ட்டைச் செய்தபோது இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்திருப்பாரா?

அந்தப் பின் அச்சுதான் எனக்குக் கவலையும் தருகிறது. இருக்கைக்குப் பின்னாலேயே சுழலும் அச்சும் சக்கரங்களும் பல வண்டிகளில் திறந்தே கிடக்கின்றன. 2018-ல் ஹரியானாவின் பிஞ்ஜோரிலும் 2020-ல் ஹைதராபாத் அருகிலும், கார்ட்டில் கூந்தல் சிக்கிப் பெண்கள் உயிரிழந்தார்கள். இரண்டுமே பந்தயமல்ல, பொழுதுபோக்குச் சவாரி. நாம் இதைக் குடைராட்டினம் மாதிரி நினைக்கிறோம். நடத்துகிறவர்களும் அப்படியே நினைக்கிறார்கள்.

குடும்பத்தோடு போனால், எஞ்சினும் அச்சும் மூடியிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். கூந்தலை முடிந்து சட்டைக்குள் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் ஹெல்மெட்டை மட்டும் நீட்டினால், டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்கள்.