சேப்பாக்கத்துப் பொங்கற் பந்தயம்

கிரிக்கெட் மேனாட்டார் நமக்கு விட்டுச்சென்ற ஆட்டம் என்பதை யாவரும் அறிவர். அவ்வாட்டத்தைச் சென்னை மக்கள் தைப்பொங்கலோடு பிணைத்துத் தமக்கே உரியதொரு விழாவாக்கிக் கொண்ட வரலாற்றை அறிந்தோர் நம் மாணவருள் சிலரே. சென்னை மாகாணத்து ஐரோப்பியரும் இந்தியரும் இரு கட்சியாய் நின்று ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் ஆடிய ஆட்டத்தையே ஈண்டுக் கருதுகிறேன். மாகாணப் பந்தயம் என்பது அதன் முறைப்பெயர். பொங்கற் பந்தயம் என்பது மக்கள் வழங்கிய பெயர்.

பொங்கல் நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து நிலம் இறுகுவதும், வெயில் இன்னும் கொடுமை கொள்ளாதிருப்பதும், ஊரார்க்கு ஓய்வு வாய்ப்பதும் தை மாதத்திலேதான். செஞ்சியை அடுத்த எங்கள் மேல்சித்தாமூரிலும் அறுவடை முடிந்த வயலே அந்நாள்களில் சிறுவர்க்கு ஆடுகளம். தென்னை மட்டையே கோல். ஆட்டக் கோலைத் தமிழர் 'மட்டை' என்று வழங்கும் வழக்கு இத்தகைய வயல்களில்தான் பிறந்திருக்கும் என்பது என் துணிபு. அகராதி வல்லார் மறுப்பின் மறுக்கட்டும்.

நிற்க. இவ்விழாவுக்கு வித்திட்டவர் புச்சிபாபு நாயுடு (1868-1908). அக்காலத்தில் சேப்பாக்கத்து மைதானம் சென்னைக் கிரிக்கெட் சங்கத்தாரது. அச்சங்கமோ ஐரோப்பியர்க்கே உரியது. அங்கு ஆடவந்த இந்தியர் மண்டபத்துள் இடம்பெறாது மரநிழலில் அமர்ந்து உண்டனர் என்பர். இதனைக் கண்டு மனம் பொறாத நாயுடு வாளாவிருந்தாரல்லர், வழக்காடவும் இல்லை. சென்னை ஐக்கிய சங்கத்தை நிறுவி, இளைஞர்க்கு மட்டையும் பந்தும் தந்து, பயிற்சியளித்து, ஐரோப்பியரோடு சமமாய் நின்று ஆடும் தகுதியை அவர்க்கு உண்டாக்கினார். அதன்பின்னரே இரு சாராரும் எதிர்நின்று ஆடும் பந்தயத்திற்கு 1908-இல் ஏற்பாடு செய்தார். அந்தோ! அது நடைபெறுமுன்னரே அவர் மறைந்தார். 1915-16 முதல் அது முதல்தர ஆட்டமாக எண்ணப்படலாயிற்று.

நிறத்தால் பிரிந்து ஆடிய ஆட்டத்தை விழா என்று கொண்டாடலாமா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. அமெரிக்க நாட்டைச் சற்று நோக்குவோம். அந்நாட்டாரின் பேஸ்பால் ஆட்டத்திலும் பருவத்தின் நடுவே ஒரு விழா உண்டு. தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி இரு கட்சியாக்கி ஆடும் அவ்விழா 1933 ஜூலையில் சிக்காகோ நகரில் தொடங்கியது. கறுப்பினத்தார்க்கு அதில் இடமில்லை. ஆகவே அவர்கள் அதே ஆண்டு செப்டம்பரில், அதே நகரில், அதே மைதானத்தில், தமக்கென வேறொரு விழா நடத்தினர். 1949-இல்தான் ஜாக்கி ராபின்சன் முதலிய நால்வர் பொதுவிழாவில் ஆடினர். சேப்பாக்கத்திலோ பிரிவினை மண்டபத்தில் இருந்தது. களத்தில் இருவரும் ஒரே பந்தைப் பார்த்தனர். இழிவு இழிவுதான். எனினும் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை ஊர் முழுதும் கண்ணாரக் காணும் வாய்ப்பு இங்கே இருந்தது, அங்கே இல்லை.

இனி, ஆட்டக்காரரைப் பற்றிச் சில சொல்வேன். ஐரோப்பியர் பக்கத்தில் என் மதிப்பைப் பெறுபவர் சி. பி. ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜிலும் கெண்டு நாட்டிலும் ஆடிய இவ்விடக்கை மட்டையாளர், எதிர்க்கட்சியாரிடத்துள்ள திறமையைக் கண்டு மகிழ்ந்தவர். எம். ஜே. கோபாலனை உலகறியச் செய்தவர் அவரே. இந்தியர் பக்கத்தில் சி. கே. நாயுடு நாகபுரியிலிருந்து வந்து ஆடியதும் உண்டு. அவர் புகழ்க்கு என் எழுத்து வேண்டுவதன்று. புச்சிபாபுவின் மைந்தர் கோட்டா ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடி, 1936-இல் தம் நாற்பதாம் வயதில் மாஞ்செஸ்டரில் முதல் டெஸ்டு ஆடி, 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார். நாற்பதில் ஓய்வு தேடுவோர் இதனை மனத்திற் கொள்க.

கோபாலனைப் பற்றி நான் நண்பரோடு பலமுறை வாதிட்டதுண்டு. ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவின் சார்பில் ஆடியவர் அவர். 1935-இல் தியான்சந்தோடு நியூசிலாந்து சென்றார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது பின்னதைத் தேர்ந்தார். ஹாக்கி அணி பொற்பதக்கத்தோடு மீண்டது. கோபாலனுக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டும் கிட்டவில்லை. 1934-இல் கல்கத்தாவில் ஆடிய ஒரு டெஸ்டே அவர் கணக்கில் நின்றது. "பொன்னை விட்டார்" என்று என் நண்பர் இரங்குவர். எனக்கு இரக்கம் தோன்றவில்லை. மனம் விரும்பிய ஆட்டத்தின் பின் சென்றவர்க்கு எவர் இரங்க வேண்டும்?

இரங்க வேண்டுமாயின் ஏ. ஜி. ராம்சிங்கிற்கு இரங்குக. சென்னையிற் பிறந்து வளர்ந்த சீக்கியர். இடக்கையால் மட்டையும் சுழற்பந்தும் ஆண்டவர். 1934 நவம்பர் 4-இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் தொடங்கிற்று. முதற் பந்தை வீசியவர் கோபாலன். ஆனால் மைசூர் அணியை அழித்தவர் ராம்சிங். 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. இத்தகையாரை ஒரு டெஸ்டுக்கேனும் அழைத்தாரில்லை. பின்னாளில் அவர் மைந்தர் கிருபால்சிங்கும் மில்காசிங்கும் டெஸ்டு ஆடினர். தந்தைக்கு இழைத்த குறையை மைந்தரால் ஈடுசெய்ததாக நான் ஒருபோதும் ஒப்பேன். சேப்பாக்கத்து மண் கண்ட ஆட்டக்காரருள் முதலிடம் அவர்க்கே தருவேன்.

1951-52ஆம் பருவத்தோடு மாகாணப் பந்தயம் நின்றது. அதே பருவத்தில், 1952 பிப்ரவரி 10-இல், அதே மைதானத்தில் இந்தியா இங்கிலாந்தை வென்று தன் முதல் டெஸ்டு வெற்றியைப் பெற்றது. அடுத்த பருவத்திலேயே சென்னையும் இலங்கையும் கோபாலன் பெயரால் அமைந்த கோப்பைக்கு ஆடத் தொடங்கின. பொங்கலும் வெறுமையாய்ப் போகவில்லை. பல ஆண்டுகளில் டெஸ்டு ஆட்டமே அந்நாளில் சேப்பாக்கத்திற்கு வந்தது. 1975-ஆம் ஆண்டுப் பொங்கலில் மேற்கிந்தியரின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 பேரை வீழ்த்த, இந்திய அணி 190-க்குள் சுருண்டது. அதில் விசுவநாத் ஆட்டமிழவாது நின்று எடுத்தது 97. நூறுக்கு மூன்று குறைவு. இருப்பினும் முதியோர் பலர் அவருடைய நூறுகளை விட்டு அந்தத் தொண்ணூற்றேழையே இன்றும் பேசுகின்றனர்.