கணினிக் காலட்சேபம் – 9: மூன்று வீட்டுக்கும் ஒரு பெட்டி

பாங்கிக் கணக்குக்கும் மின்கட்டணத்துக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் நம்மவர் வழக்கத்தைச் சென்ற வாரம் கண்டித்திருந்தேன். அந்த வழக்கத்தை விட்டு, எவராலும் மனனம் செய்யவியலாத இருபது எழுத்துச் சொல்லொன்றைக் கணக்குக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளத் துணிந்தவர்க்கு, அவற்றையெல்லாம் பூட்டிவைக்க ஒரு பெட்டி அவசியமாகிறது. அலுவலகத்தில் விண்டோஸும் வீட்டில் லினக்ஸும், மகன் என் தலையில் கட்டிய பழைய மேக்குமாக மூன்று கணினிகளோடு மாரடிக்கும் எனக்கோ, அது மூன்றிலும் திறக்கவேண்டும்.

இத்தகைய பெட்டிகளில், ஜெர்மானியரான டொமினிக் ரைக்ல் 2003-இல் விண்டோஸுக்கென வெளியிட்ட கீபாஸும், அதைத் தழுவி லினக்ஸுக்கு வந்த கீபாஸ்எக்ஸும், பின்னது மந்தமடைந்தபோது தன்னார்வலர் சிலர் கிளையாகப் பிரித்து 2017 முதல் வெளியிட்டுவரும் கீபாஸ்எக்ஸ்சியும், தாயாதிகளைப்போல் ஒரே பெயரைச் சுமந்துகொண்டு நம்மைக் குழப்புகின்றன. நான் வைத்திருப்பது கடைசியாகச் சொன்னது. மூன்று கணினிகளிலும் ஓடுகிறது, காசும் கேட்பதில்லை. ஆயினும் என் அபிப்பிராயத்தில், செயலியைவிடப் பெட்டியாகிய கோப்பின் வடிவமே பிரதானம். கேடிபிஎக்ஸ் என்னும் அந்த வடிவத்தைப் பல செயலிகள் படிக்குமாதலால், ஒன்று நாளைக்கு நின்றுபோனாலும் நம் ரகசியங்கள் அதனோடு உடன்கட்டை ஏறுவதில்லை. பிட்வார்டன் போன்றவை பெட்டியைப் பூட்டியபின் தங்கள் சர்வரில் வைத்துக் காக்கின்றன; சௌகரியந்தான், எனினும் என் பெட்டி என் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது என் பிடிவாதம்.

பிரதான கடவுச்சொல்லை இட்டதும் ஏறக்குறைய ஒரு வினாடி யோசித்தே பெட்டி திறக்கிறது. அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது. உரியவனுக்கு ஒரு வினாடி பெரிதல்ல, கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கோ ஊகம் ஒவ்வொன்றுக்கும் அந்த உழைப்பு உண்டு. ஒரு சொல்லைப் பிரதியெடுத்தால், அமைப்பை நாம் மாற்றாதவரை பத்து வினாடியில் அது நினைவிலிருந்து அழிந்துபோகும். கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அழிந்த நாட்களும் உண்டு.

என் அசட்டையால் நேர்ந்ததொன்றையும் சொல்லவேண்டும். பென்டிரைவிலிருந்த கோப்பில் ஒரு மாற்றமும், வீட்டுப் பிரதியில் வேறொரு மாற்றமும் செய்துவிட்டு, ஒன்றன்மேல் மற்றொன்றைப் பதித்துப் புதிய பாங்கிக் கடவுச்சொல்லை இழந்தேன். இரண்டையும் ஒன்றிணைக்கும் வசதி அந்தச் செயலியிலேயே இருந்ததை மறுநாள்தான் கண்டேன்.

பிரதான சொல்லை மறந்தால் மீட்டுத் தருவாரில்லை. ஆகவே தொடர்பற்ற ஆறு சொற்களாலான என்னுடையதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். பத்திரங்கள் இருக்குமிடம் என் மனைவிக்குத் தெரியும், வாசகர்களுக்குச் சொல்வதற்கில்லை.

(தொடரும்)