சென்சாரைக் கழற்றும் முன்

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய சாலைகளில் கோடையில் சீமைக்கருவேலம்கூடச் சாம்பல் பூத்துத்தான் நிற்கும். டிப்பர்கள் போக வரக் கிளப்பும் தூசி அது. கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல்லில் சிப்பி ஓடுகள் வெறும் கண்ணுக்கே தெரியும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் கிடந்தது. அந்தக் கடல் படிவுதான் இன்று சிமென்ட் ஆலைக்குப் போகிறது. போகிற வழியில் பொடியாகி, பொக்லைன் எஞ்சினில் கட்டைவிரல் அளவே இருக்கும் வயர் கப்ளருக்குள்ளும் புகுந்துகொள்கிறது. பெரம்பலூர்ப் பக்கத்து கிரஷர்களில் உடைபடுவது கடினப் பாறை. அதன் தூசியில் உள்ள குவார்ட்ஸ், எஞ்சின் அதிர்வோடு சேர்ந்து வயரின் மேலுறையை அரம்போலத் தேய்த்துவிடும்.

முன்பெல்லாம் இது பெரிய விஷயமாக இருந்ததில்லை. பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு வயரே வேண்டியதில்லை. பம்ப், நாசில், காற்று, மூன்றும் சரியாக இருந்தால் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் புதிய லாரிகளுக்கு பி.எஸ். 6 விதியும், 2021 ஏப்ரலில் சக்கரம் பூண்ட கட்டுமான இயந்திரங்களுக்குக் கடுமையான புகை விதியும் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. எஞ்சினின் ஒவ்வொரு மூச்சையும் இ.சி.எம். என்ற சிறு கணினி கணக்குப் பார்க்கிறது. அதற்குக் கண்ணும் காதும் சென்சார்கள்தான்.

"அண்ணே, செக் லைட் எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று ஆபரேட்டர் போன் செய்கிறார். "சென்சார் போயிருக்கும், மாத்திடலாம்" என்று பதில் வருகிறது. பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் மாறுகிறது. மறுநாள் அதே விளக்கு மறுபடி எரிகிறது. வாடகை வண்டி ஒருநாள் நின்றால் வங்கித் தவணை நிற்காது என்பதால் இந்த அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் திரையில் வந்த எண்ணை ஒரு நிமிடம் பொறுமையாகப் படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

கனரக டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவை ஜே1939 என்ற பொது மொழியில் பேசுகின்றன. அதில் ஒரு எர்ரர் கோடு இரண்டு எண்களால் ஆனது. முதல் எண் எஸ்.பி.என். எந்த அளவீட்டில் சிக்கல் என்பதை அது சொல்லும். 100 என்றால் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பநிலை, 157 என்றால் காமன் ரெயில் டீசல் அழுத்தம். இந்தச் சுருக்கத்தில் உள்ள 'எஸ்' என்ற எழுத்துக்குச் 'சந்தேகத்துக்குரிய' என்று பொருள். தரநிலையை எழுதிய பொறியாளர்களே அந்த எண்ணுக்குச் சந்தேக நபர் என்றுதான் பெயர் வைத்தார்கள். அதைக் குற்றவாளியாக்குவது பட்டறையில் நடக்கிறது.

விஷயம் இருப்பது இரண்டாவது எண்ணில். எஃப்.எம்.ஐ. எனப்படும் அது 0 முதல் 31 வரை போகும். 0 அல்லது 1 வந்தால், சென்சார் சொல்வதை இ.சி.எம். நம்புகிறது என்று பொருள். 110-0 என்றால் எஞ்சின் உண்மையிலேயே அளவுமீறிச் சூடாகிவிட்டது. ரேடியேட்டர் இடுக்குகளில் சுண்ணாம்புத் தூசி அடைத்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100-1 வந்தால் ஆயில் அழுத்தம் உயிர்போகும் அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நேரத்தில் சென்சார்மீது பழிபோட்டு, கப்ளரைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டினால் பேரிங் உருகி, கிராங்க் பிடித்துக்கொள்ளும்.

3, 4, 5 வந்தால் கதை வேறு. சென்சாரின் பேச்சே இ.சி.எம்.முக்குச் சரியாகப் போய்ச்சேரவில்லை. 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. இங்கே எஞ்சினை விட்டுவிட்டு வயரைத்தான் பிடிக்க வேண்டும்.

கூலன்ட் சென்சாரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். இ.சி.எம். ஒரு தடை வழியாக 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணிக்கிறது. வயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அதைக் கடுங்குளிர் என்றுதான் அது புரிந்துகொள்ள முடியும். சித்திரை வெயிலில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி என்று காட்டுவது இதனால்தான். வயர் உறை தேய்ந்து எஞ்சின் உடம்பில் பட்டால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும். அப்போது எஞ்சின் கொதிப்பதாகத் தெரியும்.

இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம், செலவில்லாமல். 110-4 வந்திருக்கிறதா? சாவியைப் போட்டு, சென்சாரின் கப்ளரை மட்டும் கழற்றுங்கள். எண் 110-3 ஆக மாறினால் வயரும் இ.சி.எம்.மும் நலம், சென்சார்தான் கெட்டது. மாறாமல் 4-லேயே நின்றால் வயர் எங்கோ எர்த் ஆகிறது, புதுச் சென்சார் வாங்கினாலும் பயனில்லை. 110-3 வந்திருந்தால், கழற்றிய கப்ளரின் இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணைக்க வேண்டும். எண் 4 ஆனால் சென்சார் கெட்டது, 3-லேயே நின்றால் வழியில் அறுந்திருக்கிறது. இரண்டு கால் கொண்ட வெப்பச் சென்சாருக்குத்தான் இந்த இணைப்பு முறை. மூன்று கால் உள்ள அழுத்தச் சென்சாரில் கண்டபடி இணைத்தால் 5 வோல்ட் சப்ளையே சுருண்டுவிடும்.

அந்த 5 வோல்ட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பல சென்சார்களுக்கு அது ஒரே குழாயடித் தண்ணீர் மாதிரி. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாருக்கும் சப்ளை விழும், நாலைந்து எர்ரர் கோடு ஒன்றாக எழும். ஐந்து சென்சார் ஒரே நிமிடத்தில் சாவது நடக்காத காரியம். மல்டிமீட்டரை சப்ளை முனையில் வைத்து, கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தக் கிளையில்தான் சிக்கல்.

கப்ளரைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். ஈரத் தூசி மின்சாரத்தைக் கசியவிடும். காய்ந்தால் இணைப்பையே தடுக்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரை நேராகக் கப்ளரில் அடிப்பது இந்தக் கேட்டை இரண்டு மடங்காக்குகிறது. ஊசியை முனைக்குள் குத்திப் பார்ப்பதும் தவறு, முனை அகன்று அடுத்த எர்ரருக்கு வழி வைக்கும். பக்கெட் பல்லுக்கு அந்த இடத்திலேயே வெல்டிங் வைக்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெரிய மின்னோட்டம் இ.சி.எம். வழியாகவும் பாதை தேடும்.

இந்த எண்களின் விளக்கமும் வயரிங் வரைபடமும் தமிழில் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேலையைக் கையால் அறிந்தவர்களை ஆங்கிலக் கையேடு வெளியே நிறுத்துவது நியாயமே அல்ல. ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் பாடத்தில் ஸ்பேனருக்குக் கொடுக்கும் நேரத்தை மல்டிமீட்டருக்கும் கொடுக்கலாம்.

அதுவரை ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடியற்காலையில், இரவு முழுவதும் நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு எல்லா அளவையும் பாருங்கள். கூலன்ட், உள்ளே போகும் காற்று, டீசல் எல்லாம் வெளிக்காற்றின் வெப்பத்தையே ஏறக்குறையக் காட்ட வேண்டும். ஆயில் அழுத்தம் பூஜ்யம். டர்போ அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் சென்சாரில் சுமார் 100 கிலோபாஸ்கல், அதாவது வெறும் காற்றின் அழுத்தம். இவற்றில் எது மட்டும் தனியாகப் பேசுகிறதோ, அன்றைக்கு முதலில் அதன் கப்ளரைத் திறந்து பார்க்கலாம்.