இலிஷும் இறாலும்

கொல்கத்தா மீன் அங்காடியில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி வென்றால் இலிஷ் மீனைத் தேடி மக்கள் திரள்வர். மோகன் பகான் அணி வென்றால் இறாலைத் தேடித் திரள்வர். விளையாட்டுத் திடலுக்கும் சமையலறைக்கும் உள்ள தொடர்பு யாது? அதனை இப்பாடத்தில் அறிவோம்.

இரு கழகங்களின் தோற்றம்

மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை 2-1 என்னும் கணக்கில் அது வென்றது. அன்று ஆடிய வங்க வீரர்களுள் ஒருவரைத் தவிர ஏனையோர் காலணியின்றியே ஆடினர். ஆதலின் அவ்வெற்றியை நாட்டின் வெற்றியாகவே மக்கள் போற்றினர்.

ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் தோன்றியது. மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், ஜோராபகான் அணி சைலேஷ் போஸ் என்னும் வீரரைச் சேர்க்காமல் விட்டது. அதனைப் பொறாத அக்கழகத் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி, விலகிச் சென்று நண்பர்களுடன் புதிய கழகத்தை நிறுவினார். கிழக்கு வங்கம் என்பதே அதன் பெயரின் பொருள். 1925ஆம் ஆண்டு இரு கழகங்களும் லீக் போட்டியில் முதன்முறையாக மோதின. அதில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் அடித்து வென்றது.

கேலியும் கிண்டலும்

மேற்கு வங்கத்தின் பூர்விகக் குடியினரைக் ‘கோட்டி’ என்றும், கிழக்கிலிருந்து வந்தோரைப் ‘பாங்கால்’ என்றும் அழைப்பர். (நெல்லை வழக்கில் ‘கோட்டி’க்கு வேறு பொருள் உண்டு, அதனை இங்குக் கொள்ளற்க!) 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின், வீடும் நிலமும் இழந்து வந்த பாங்கால் மக்களுக்கு ஈஸ்ட் பெங்கால் அணி புதிய ஊரில் கிடைத்த பற்றுக்கோடாயிற்று.

“குழம்பிலும் சர்க்கரை போடுபவர்கள்” என்று கோட்டியரைப் பாங்காலர் கேலி செய்வர். “உங்கள் பேச்சும் காரம், கறியும் காரம்” என்று கோட்டியர் திருப்பிக் கூறுவர். ஒருவர் ஐந்து விரல்களை விரித்துக் காட்டினால், 1975ஆம் ஆண்டுக் கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என வென்றதை நினைவூட்டுகிறார் என்று பொருள். மற்றவர், 2009ஆம் ஆண்டு மோகன் பகான் 5-3 என வென்றதைக் கூறித் தாமும் ஐந்து விரல் காட்டுவார். அதன்பின் இருவரும் ஒரே கடையில் தேநீர் அருந்துவர்.

நகைச்சுவை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று எனத் தொல்காப்பியம் கூறும். ஆயினும் எள்ளல் அனைத்தும் நகையாகிவிடுவதில்லை.

எல்லை கடந்தால்

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் கார்டன் அரங்கில் இவ்விரு அணிகளும் ஆடின. திடலில் மூண்ட சினம் பார்வையாளர்களிடையே பரவியது. கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் காணச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. அந்நாளைக் கால்பந்து அன்பர் நாளாக நினைவுகூர்ந்து, குருதிக்கொடையும் அளித்து வருகின்றனர்.

எம் வகுப்பில் நிகழ்ந்ததையும் கூறுகிறேன். ஆட்டத்திற்கு மறுநாள் ஒரு மாணவன் தோழனிடம், “நேற்று உன் வீட்டில் இறால் வேகவில்லையாமே?” என்றான். வகுப்பே சிரித்தது, கேட்கப்பட்டவனும் சிரித்தான். சற்றுப் பொறுத்து வேறொருவன், அருகிலிருந்த தமிழ்ச் சிறுவனை நோக்கி, “உனக்கு ஏது அணி? உன் ஊருக்குப் போ” என்றான். எவரும் சிரிக்கவில்லை. முதற்சொல் ஆட்டத்தைப் பற்றியது; விடை கூறவும் இடம் தந்தது. இரண்டாவது சொல்லோ ஆளைப் பற்றியது. விடை கூற இடமே தரவில்லை.

மாலையில் அச்சிறுவன் என்னிடம் வந்து, “ஐயா, நான் எந்தப் பக்கம்?” என்று வினவினான். நான் அவனுக்கு இரு செய்திகள் கூறினேன். 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர். அவர்களை வங்க மக்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடினர். மேலும், 1911ஆம் ஆண்டு மோகன் பகானுக்கு வெற்றி தேடித்தந்த வீரர்களுள் பலர் கிழக்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள்.

“ஆகவே, நீ விரும்பும் பக்கம் உன் பக்கம்” என்றேன். அவன் இப்போது மோகன் பகான் அன்பன். அவனைக் கடிந்த மாணவன் ஈஸ்ட் பெங்கால் அன்பன். ஆட்டம் நடக்கும் வாரமெல்லாம் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து வாதிடுகின்றனர். பாடம் நடத்துவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது!

சொற்பொருள்
பற்றுக்கோடு – ஆதரவு. எள்ளல் – கேலி. குருதி – இரத்தம். கொள்ளற்க – கொள்ளாதீர்.

சிந்தித்து விடை தருக
1. ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றிய காரணத்தை எழுதுக.
2. வகுப்பில் கூறப்பட்ட இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நீ வாழும் ஊரில் வழங்கும் விளையாட்டுக் கேலி ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து தமிழில் ஐந்து வரிகள் எழுதுக. அது எவர் மனத்தையேனும் புண்படுத்துமா எனவும் ஆராய்க.